கெர்னலுக்குள் ‘கைகாட்டி’ வைத்த டைக்ஸ்ட்ரா

போனில் வீடியோ ஓடுகிறது. நெட்வொர்க் சிப் டேட்டாவைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆப் அதை எடுத்துக்கொண்டே இருக்கிறது. கொட்டுவதற்கும் எடுப்பதற்கும் நடுவே, கெர்னல் ஒதுக்கிவைக்கும் சின்ன நினைவக இடம்தான் பஃபர். ஒரு பக்கம் எழுதி முடிக்கும் முன்பே மறுபக்கம் படித்துவிட்டால்? டேட்டா குளறுபடிதான். இதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே வழி சொன்னவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

யார் இவர்?

1930-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். லைடனில் இயற்பியல் படிக்கும்போதே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் ஆனார். 1957-ல் திருமணப் பதிவின்போது அந்தத் தொழிலைச் சொன்னார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள்!

எதற்குப் பயந்தார்?

அப்போது உருவான எக்ஸ்1 கம்ப்யூட்டரில், கருவிகள் ஓடும் புரோகிராமை இடைமறிக்கலாம். இதன் பெயர் இன்டரப்ட். எந்த நொடியில் குறுக்கே வரும்னு யாருக்கும் தெரியாது. இதனால் வரும் பிழை ஒருமுறை தலைகாட்டும், தேடினால் சிக்காது. டெஸ்ட் செய்து பிடிப்பது கஷ்டம். பிழையே வராதபடி யோசித்து எழுதணும் என்பது அவர் முடிவு. 1959-ல் வந்த முனைவர் பட்ட ஆய்விலும் இன்டரப்டைக் கையாளும் முறையை விளக்கினார்.

தீர்வு என்ன?

ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, ரயில்வே கைகாட்டியின் பெயரிலேயே ‘செமஃபோர்’ முறையை விளக்கினார். பஃபரில் 10 இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செமஃபோர் காலி இடங்களை எண்ணும். இன்னொன்று நிரம்பியதை எண்ணும். காலி இடம் 0 ஆனால் எழுதுபவர் காத்திருக்கணும். நிரம்பியது 0 என்றால் படிப்பவர் தூங்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் கைவைக்காமல் மூன்றாவது செமஃபோர் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

சிறிய குழுவோடு எக்ஸ்8 கம்ப்யூட்டருக்கு எழுதிய இயங்குதளத்தில் இதைப் பயன்படுத்தினார். 1968-ல் வெளியான அதன் விவரம், இயங்குதளத்தை அடுக்கடுக்காகக் கட்டலாம் என்றும் காட்டியது. கருவிகளின் பஃபர் வேலைக்குத் தனி அடுக்கே இருந்தது.

இன்று எங்கே?

1972-ல் டியூரிங் விருது பெற்ற டைக்ஸ்ட்ரா, 2002 ஆகஸ்ட் 6-ல் தன் 72-வது வயதில் காலமானார். ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலில், செமஃபோர் அதே பெயரில் இன்னமும் இருக்கிறது.