ஸர் ஜான் மியூர்

போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள கண்ணன் தேவன் மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய கம்பெனியின் மூலபுருஷர் ஸர் ஜான் மியூர். யந்திரசாலைச் சரக்கை அந்நிய நாட்டில் விற்கும் கம்பெனியால் அதன் தாய்நாட்டுக்கு என்ன பலன் என்று ஆராய்வோர் இவருடைய சரித்திரத்தை அவசியம் அறிய வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

மியூர் 1828-ம் வருஷத்தில் பிறந்தார். அவர் சேர்ந்த ஜேம்ஸ் பின்லே கம்பெனி, ஸ்காட்லாந்தில் டீன்ஸ்டன், கட்ரீன் முதலிய ஊர்களில் பஞ்சாலைகளை நடத்திவந்தது. 1813-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வர்த்தக ஏகபோகம் ஒழிந்தபின், பின்லே கம்பெனியார் கிளாஸ்கோவிலிருந்து நேரே நம் நாட்டுக்குக் கப்பல் அனுப்பலாயினர். யந்திர நூற்பு அக்காலத்தில் புதிய வித்தை. அச்சரக்கு இங்கே விற்க விற்க நம் ராட்டைகள் ஓய்ந்தன. அங்கே தொழிலாளிக்குக் கூலியும் முதலாளிக்கு லாபமும் ஒருங்கே பெருகின.

1861-ல் பங்காளியான மியூர், 1870-ல் கல்கத்தாவில் கிளை ஸ்தாபித்தார். துணி வியாபாரத்தோடு நில்லாமல், மூலதனத்தைத் தேயிலையில் இடத் துணிந்தார். முதலில் ஸில்ஹெட் தோட்டங்கள். பின்னர், 1897-ல், கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி. இதற்கிடையே 1889 முதல் 1892 வரை கிளாஸ்கோ நகரத் தலைவராக விளங்கிப் பாரோனெட் பட்டமும் பெற்று, 1903-ல் காலமானார்.

அதற்கு முந்திய வருஷமே மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கிற்று. 1908-ல் அது சிறு ரயிலாக மாறி, 1924-ம் வருஷத்து வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலை, மாட்டுவண்டியில் போடிக்கு வந்து, தூத்துக்குடி வழியாகச் சீமைக்குச் சென்றது. காடு வெட்டிக் கொழுந்து கிள்ளியவர்கள், கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ் ஏழைகள்.

இதனால் சீமைக்கு விளைந்த பலன் இருவகைத்து. தேயிலைத் தோட்டங்கள் பெருகப் பெருக, 1881-ல் தோன்றிய பெல்பாஸ்ட் ஸிராக்கோ யந்திரசாலை போன்றவற்றுக்கு உலர்த்தும் யந்திரங்கள் செய்யும் வேலை பெருகிற்று. இது தொழிலாளிக்கும் லாபம். ஆனால் கம்பெனியின் மூலதனம் கடல் கடந்தபின், அதன் லாபம் பங்குதாரரைச் சேர்ந்ததேயன்றி டீன்ஸ்டன் ஆலைத் தொழிலாளியைச் சேரவில்லை. மேலும், 1843 வரை நூற்பு யந்திரங்களை வெளியே விற்கத் தடைவிதித்திருந்த இங்கிலாந்து, பின்னர் அவற்றைத் தாராளமாக விற்றது. அந்த யந்திரங்களைக்கொண்டே பம்பாயும் ஜப்பானும் நூல் நூற்று லங்காஷயரின் சந்தையைக் கைப்பற்றின. டீன்ஸ்டன் ஆலை 1965-ல் மூடப்பட்டு, விஸ்கி வடிக்கும் சாலையாயிற்று. கம்பெனியோ கிழக்கே தேயிலையால் நெடுநாள் செழித்தது.

ஆகவே, கம்பெனியின் செல்வம் வேறு, தேசத்தின் செல்வம் வேறு. மலைத் தோட்டங்கள் 1976-ல் டாட்டா கூட்டிலும் பின் டாட்டா தேயிலைக் கம்பெனியிடமும் வந்தன. அக்கம்பெனி 2000-ல் இங்கிலாந்தின் டெட்லியையே விலைக்கு வாங்கிற்று. இதைக் கண்டு நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் மியூரின் ஊர் கற்ற பாடத்தை மறக்கலாகாது. போடியில் ஏலம் போகும் ஏலக்காயானாலும், நம் இளைஞர் கடல் கடந்து விற்கும் யந்திரமானாலும், லாபம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், கூலியும் வித்தையும் எந்த ஊரில் தங்குகின்றன என்றும் நம்மவர் கேட்டறிவார்களாக.