பிரான்செஸ் பெர்கின்ஸ்: ஓய்வூதிய வாக்குறுதிக்கு நிதி தேடிய அமைச்சர்

அமெரிக்காவின் நியூஜெர்சி, டெக்ஸாஸ், சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி ஆகிய இடங்களில் பணிபுரியும் தமிழர்களின் சம்பளத்தில், குறிப்பிட்ட உச்சவரம்பு வரை, 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு வரியாகப் பிடித்தம் செய்யப்படுகிறது. அதே அளவு தொகையை அவர்களது நிறுவனமும் செலுத்துகிறது.

இந்தப் பணம் முதுமையில் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி இப்போது பரவலாக எழுப்பப்படுகிறது. ஆனால் இத்திட்டம் சட்டமாவதற்கு முன்பே, 1935 ஜனவரியில், வெள்ளை மாளிகையிலேயே இக்கேள்வி எழுந்தது. அப்போது திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிரான்செஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

தீ விபத்தும் அரசியலும்

1880 ஏப்ரல் 10-ஆம் தேதி பாஸ்டனில் பிறந்த பெர்கின்ஸ், மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் 1902-இல் பட்டம் பெற்றார். சிகாகோ பகுதியில் ஆசிரியையாக இருந்தபோது, குடியேறிய ஏழைகளுக்காக இயங்கிய ஹல் ஹவுஸ் நிலையத்தில் தொண்டாற்றினார்.

1911 மார்ச் 25-ஆம் தேதி நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீ விபத்தில் 146 பேர் உயிரிழந்தனர். இவர்களில் பெரும்பாலோர் குடியேறிய இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்ததால் பலர் மாடி ஜன்னல்களிலிருந்து குதித்து இறந்தனர். அருகில் இருந்த பெர்கின்ஸ் அதை நேரில் கண்டார். அதன் பின்னர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களே அவரது வாழ்க்கைப் பணியாயின.

1913-இல் திருமணம் செய்துகொண்ட பிறகும் தனது பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கணவர் பால் வில்சன் மனநோயால் பாதிக்கப்பட்டதால், குடும்பத்தின் வருமானம் அவரது உழைப்பையே நம்பியிருந்தது.

நியூயார்க் ஆளுநராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1929-இல் அவரை மாநிலத் தொழில்துறை ஆணையராக நியமித்தார். 1933-இல் அதிபரானதும் தொழிலாளர் துறை அமைச்சராக்கினார். 1945 வரை பெர்கின்ஸ் அப்பதவியில் இருந்தார்.

1965 என்ற கணக்கு

1934 ஜூன் மாதம் பொருளாதாரப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதே காலத்தில், கலிபோர்னியாவின் லாங் பீச் நகரைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் டவுன்செண்ட், 60 வயதைக் கடந்த அனைவருக்கும் மாதம் 200 டாலர் வழங்க வேண்டும் என்ற இயக்கத்தை நடத்திவந்தார். பெரும் திரளான முதியோர் அதை ஆதரித்தனர்.

பெர்கின்ஸ் குழுவின் திட்டம் அதைவிட மிக அடக்கமானது. தொழிலாளரும் முதலாளியும் ஊதிய வரி செலுத்துவார்கள். தொடக்கத்தில் வரி குறைவாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய 1965-இல் வருவாய் போதாமல் போகும், அப்போது அரசு தனது பொது வருவாயிலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்று கணக்கிடப்பட்டிருந்தது.

இதைக் கண்ட ரூஸ்வெல்ட் ஏற்கவில்லை. எதிர்கால நாடாளுமன்றத்தின் தலையில் கடனைச் சுமத்தலாகாது என்பது அவரது நிலை. நிதியமைச்சர் ஹென்றி மார்கெந்தாவும் அவ்வாறே கருதினார். அதன்படி வரி உயர்த்தப்பட்டது: 1937-இல் இருதரப்பும் தலா 1 சதவீதம், 1949-இல் தலா 3 சதவீதம்.

விவசாயத் தொழிலாளர்களிடமும் வீட்டுப் பணியாளர்களிடமும் வரி வசூலிப்பது கடினம் என்று மார்கெந்தா வாதிட்டார். குழு சேர்த்திருந்த அவர்கள் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் இதனால் பயன்பெற முடியாமல் போயிற்று.

1935 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சட்டம் கையெழுத்தானது. ஆனால் அதே மாத இறுதியில் செனட்டர் ஹியூயி லாங் முடிவின்றிப் பேசிக் கூட்டத்தொடரை முடக்கியதால், சமூகப் பாதுகாப்பு வாரியத்துக்கான நிதி ஒதுக்கப்படவில்லை. பிற துறைகளிடம் ஊழியர்களை இரவல் பெற்றே வாரியம் பணியைத் தொடங்கியது.

தள்ளிப்போடப்பட்ட வரி

1940 ஜனவரியில் முதல் மாத ஓய்வூதியமாக 22.54 டாலர் பெற்றவர் வெர்மாண்ட் மாநிலத்தின் ஐடா மே புல்லர். அவர் செலுத்தியிருந்த வரி 24.75 டாலர். 100 வயது வரை வாழ்ந்த அவருக்கு 22,000 டாலருக்கும் மேல் கிடைத்தது. பின்வந்த தொழிலாளர்கள் செலுத்திய வரியே அந்தப் பணம்.

1939-ஆம் ஆண்டுத் திருத்தம் சலுகைகளை விரிவுபடுத்தியது. ஆனால் வரி உயர்வு தள்ளிவைக்கப்பட்டது. பின்னரும் பலமுறை தள்ளிவைக்கப்பட்டதால், 1949 வரை வரி 1 சதவீதமாகவே இருந்தது. சலுகையை முன்கூட்டியே கொடுத்து, அதற்கான வரியைப் பின்னுக்குத் தள்ளும் அரசியல் வழக்கம் இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றியது.

பெர்கின்ஸுக்கு வேறு சோதனையும் வந்தது. 1934-இல் சான்பிரான்சிஸ்கோ துறைமுக வேலைநிறுத்தம் நகரம் தழுவியதாக மாறியபோது, இராணுவத்தைப் பயன்படுத்துவதை அவர் எதிர்த்தார். வேலைநிறுத்தத் தலைவரான, ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹாரி பிரிட்ஜஸை நாடுகடத்தவில்லை என்று குற்றம்சாட்டி, நியூஜெர்சி உறுப்பினர் பார்னெல் தாமஸ் 1939-இல் அவர் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிராகரிக்கப்பட்டது.

ஒப்பந்தமா, சட்டமா?

1960-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு ஒன்றை அளித்தது. பல்கேரியாவில் பிறந்த எப்ராம் நெஸ்டர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வரி செலுத்தியவர். முன்னாள் கம்யூனிஸ்ட் என்பதற்காக அவர் நாடுகடத்தப்பட்டு, ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. வரி செலுத்தியதால் மட்டும் இப்பணம் ஒருவரது சொத்துரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. அதாவது, நாடாளுமன்றம் விதிகளை மாற்றலாம்.

1983-இல் அவ்வாறே மாற்றியது. நிதி தீர்ந்துவிடும் நிலையில், ஓய்வு வயதைப் படிப்படியாக 67 ஆக உயர்த்தும் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். நிதியின் பொறுப்பாளர்கள் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033-இல் தீரும். அதன்பின் வரும் வரியைக் கொண்டு 77 சதவீதமே வழங்க முடியும். ஓய்வூதியம் முற்றிலும் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. முழுமையாகக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

மாற்று வழிகளிலும் இடர் உண்டு. டெக்ஸாஸின் கால்வெஸ்டன் மாவட்ட ஊழியர்கள் 1981-இல் விலகித் தனித் திட்டத்துக்குச் சென்றனர். அதிகச் சம்பளம் பெற்றோர் அங்கு பயனடைந்தாலும், குறைந்த வருவாயினருக்குச் சமூகப் பாதுகாப்பே மேல் என்று ஆய்வுகள் கண்டன. தன் ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்த வேண்டிய தொகையைப் பல ஆண்டுகள் செலுத்தாத நியூஜெர்சி மாநிலம், பற்றாக்குறையைக் கடன்பத்திர முதலீட்டாளர்களிடம் மறைத்ததாக 2010-இல் பங்குச் சந்தை ஆணையத்தால் குற்றம்சாட்டப்பட்டது.

இந்தியாவிலிருந்து தற்காலிக விசாவில் செல்வோருக்கு மற்றொரு சிக்கல் உள்ளது. ஓய்வூதியம் பெறப் பொதுவாக 10 ஆண்டுப் பணி தேவை. இரு நாடுகளுக்கும் இடையே இதற்கான உடன்பாடு இல்லாததால், அதற்குமுன் திரும்புவோர் செலுத்திய வரி கைவிட்டுப் போகிறது.

பெர்கின்ஸ் 1965 மே 14-ஆம் தேதி, 85-ஆவது வயதில் காலமானார். பற்றாக்குறை வரும் என்று அவரது குழு கணக்கிட்ட அதே ஆண்டு அது. அரசு தனது பொது வருவாயிலிருந்து ஈடுசெய்ய வேண்டிய நிலை அப்போது வரவில்லை. அதைத் தள்ளிப்போட்டது ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் எடுத்த முடிவுதான். 2033-க்கு முன்பும் அத்தகைய முடிவு தேவைப்படும். வரி செலுத்தும் தமிழர்களில் குடியுரிமை பெற்றோருக்கு அதில் வாக்கு உண்டு, பெறாதோருக்கு இல்லை.