கடல் கடந்து வந்த கல்வித் தாய்!

சிவகாசியில் புது வெடி ஒன்றைக் கொளுத்திப் பார்க்கிறார்கள். டமார் என்று சத்தம் எழுகிறது. தெருப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள்.

ஒரு பையன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்து விடுகிறான்.

அவனுக்கு வயது 14. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வான். ஆனால் தீப்பெட்டி லேபிள்களை அவன் கையில் கொடுத்தால், ஒன்றுகூடப் பிசகாமல் வரிசையாக அடுக்கி விடுவான்.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். இது தொற்றும் நோய் அல்ல; பெற்றோர் செய்த குற்றமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு.

இப்படி ஒரு பையனின் தகப்பனாருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் அதிகம். ஆனால் தாயின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தெரியாத ஊரில் இவனை எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும் என்பதே அவள் கவலை.

எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்று உலகத்துக்குச் செய்து காட்டியவர் ஒரு பெண்மணி. அவரும் தம் மகனுடன் நாடு நாடாகப் போனவர்தான். நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

டாக்டர் ஆனார்

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சிற்றூரில் 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி மரியா பிறந்தார். தந்தை அரசாங்க ஊழியர். மரியா அவருக்கு ஒரே பிள்ளை.

பெண்கள் டாக்டருக்குப் படிப்பதை அந்தக் காலத்து இத்தாலி ஒப்பவில்லை. தந்தைக்கும் அது பிடிக்கவில்லை. தாய் மட்டும் மகள் பக்கம் நின்றார்.

பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தில் ஆண்களோடு பெண் நிற்கக்கூடாது என்றார்கள். எல்லாரும் போன பிறகு மரியா தனியாக அந்த அறைக்குப் போய்ப் படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரொட்டித் துணுக்கு

டாக்டர் மரியா, ரோம் நகரத்து மனநோய் மருத்துவமனைகளைப் பார்க்கப் போனார். அங்கே குழந்தைகளும் இருந்தார்கள்! பேச வராதவர்கள், படிப்பு ஏறாதவர்கள் எல்லாரையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள்.

அந்த அறையில் ஒரு பொம்மைகூட இல்லை. நான்கு சுவர்தான். சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த பணிப்பெண் அருவருப்போடு அதைச் சொன்னாள்.

மரியாவுக்கு வேறொன்று தோன்றியது. இவர்களுக்கு வயிறு பசிக்கவில்லை, கைதான் பசிக்கிறது! தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் இங்கே வேறு பொருளே இல்லை என்று கண்டுகொண்டார்.

இடார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள், இத்தகைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வழியை முன்பே எழுதி வைத்திருந்தார்கள். ஊர் அவற்றை மறந்துவிட்டது. மரியா அந்தப் புத்தகங்களைத் தேடிப் பிடித்தார். தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தார்.

1900-ம் ஆண்டு ரோமில் இத்தகைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதை நடத்திய இருவரில் மரியா ஒருவர். அங்கே குழந்தைகளுக்கும் பாடம் நடந்தது. காலையிலிருந்து மாலை வரை அவர் குழந்தைகளோடேயே இருந்தார்.

மரத்தில் எழுத்துக்களைச் செய்து கொடுத்தார். பின்னாளில் உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டினார். தீப்பெட்டியின் உரசும் பக்கம்போல அது சொரசொரப்பாக இருக்கும். குழந்தை விரலால் அந்த எழுத்தின் மேல் தடவும். கண் பார்க்கும், காது ஒலியைக் கேட்கும், விரல் வழியை நினைவில் வைக்கும்.

மூளை இல்லை என்று தள்ளப்பட்ட குழந்தைகள் எழுதினார்கள், படித்தார்கள். சிலர் மற்றப் பிள்ளைகளுக்கு வைத்த அதே பரீட்சையில் தேறினார்கள்!

ஊரே வியந்தது. மரியாவோ யோசனையில் ஆழ்ந்தார். இவர்களே தேறும்போது, மற்றப் பிள்ளைகள் இவ்வளவுதான் படிக்கிறார்கள் என்றால் பள்ளிக்கூடங்களில் அல்லவா கோளாறு என்று நினைத்தார்.

1907 ஜனவரி 6-ந்தேதி ரோமில் ஏழைகள் வாழும் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். அங்கிருந்து அவர் புகழ் உலகமெங்கும் பரவியது.

மறைத்த துயரம்

ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மரியாவின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது.

உடன் வேலை செய்த டாக்டர் மாண்டெசானோவும் அவரும் காதலித்தார்கள். திருமணம் நடக்கவில்லை. 1898 மார்ச் 31-ந்தேதி மரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ.

மணமாகாத தாய் என்று தெரிந்தால் டாக்டர் தொழில் போய்விடும், பெயரும் போய்விடும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்க விட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார். ஆனால் தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

1912 டிசம்பரில் மரியாவின் தாயார் இறந்தார். அதன் பிறகுதான் மரியோ அவரிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது 15-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

1915-ல் 17 வயது மகனை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை ஒன்றை நடத்தினார். குழந்தைகள் தாமாகவே பாடம் படிப்பதை ஜனங்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

பிறகு ஸ்பெயின். 1936-ல் அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டது. இத்தாலிக்கும் திரும்ப முடியாது; முசோலினியின் ஆட்சி அவருடைய பள்ளிகளை மூடிவிட்டது. ஹாலந்தில் குடியேறினார். இவ்வளவு அலைச்சலிலும் எந்த ஊர் போனாலும் அங்கே ஒரு வகுப்பறையை உண்டாக்கினார்.

சென்னைக்கு வந்தார்

1939 நவம்பர். அம்மையாருக்கு வயது 69. சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும், அவர் மனைவி ருக்மிணிதேவியும் அழைத்ததால் இந்தியாவுக்கு வந்தார். மகன் மரியோவும் உடன் வந்தார்.

ஆசிரியர் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் கூடினார்கள். அம்மையாருக்கு ஆங்கிலத்தில் பாடம் சொல்ல வராது. அவர் இத்தாலிய மொழியில் சொல்ல, மகன் ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. இந்தியாவை ஆண்ட வெள்ளையர்களுக்கு இத்தாலியர்கள் எதிரிகள் ஆனார்கள். மரியோவைக் கைது செய்து காவல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாறு சபையின் எல்லையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு!

ஆகஸ்டு 31-ந்தேதி அம்மையாரின் 70-வது பிறந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனை விடுதலை செய்கிறோம் என்பதே அதன் பொருள்.

அதுவரை ஊரார் முன்னால் மரியோ அவருக்கு உறவுக்காரப் பிள்ளை, வளர்ப்பு மகன். அந்தத் தந்திதான் அவரை மகன் என்று வெளிப்படையாகச் சொன்னது. மகன் திரும்பி வந்தார். தாய்க்கு வேறென்ன பரிசு வேண்டும்?

கொடைக்கானலில்

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானலில் இருந்தார்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தினார்கள். இலை, பூ, பூச்சி, மண், நட்சத்திரம் எல்லாமே பாடம் ஆயின.

அதே 1943-ல், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய நிலைக்கு ஆட்டிசம் என்ற சொல்லை வழங்கினார். அவரும் 1924-ல் ஜெர்மனியிலிருந்து குடியேறியவரே.

1900-ல் ரோமில் இந்தப் பெயரே வழக்கில் இல்லை. எல்லாக் குழந்தைகளையும் மந்த புத்தி என்று ஒரே கூட்டமாக ஒதுக்கினார்கள். பெயர் வருவதற்கு 43 ஆண்டுகள் முன்பே அம்மையார் பாடத்தைத் தொடங்கிவிட்டார்!

1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறுபடி 1947-ல் வந்து, 1949 வரை தங்கினார். இந்தியாவில் சுமார் ஆயிரம் ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1952 மே 6-ந்தேதி ஹாலந்தில் 81-வது வயதில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

இன்று காலம் மாறியிருக்கிறது. நம் நாட்டில் 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஆட்டிசமும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமை. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதுகிறார்கள். பெற்றோரும் கூட உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் எல்லா நாடும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் விசா கொடுக்குமுன் மருத்துவச் செலவையும் கணக்குப் பார்க்கின்றன. ஆகவே டிக்கெட் வாங்குமுன் விசாரிப்பது நல்லது.

டாக்டர் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பள்ளிக் குறிப்புகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். கூடவே ஒரு தாளில் பெற்றோரே எழுத வேண்டும்: பையனுக்கு எது பயம், எது பிடிக்கும், எது நன்றாக வரும்? புதுப் பள்ளியின் படத்தை முன்கூட்டியே அவனுக்குக் காட்டலாம். பழகிய பொருள் ஒன்றிரண்டைக் கூட எடுத்துப் போகலாம்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். மொழி வேறு, ஊர் வேறு. கற்றுக்கொண்டு திரும்பினார்கள், ஊரே பிழைத்தது. கற்பதற்காக ஊர் தாண்டுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனும் தாண்டுவான். அவன் அடுக்கி வைத்த லேபிள் வரிசையைத் தாய் கலைக்காமல் இருக்கட்டும். புது ஊர் ஆசிரியரிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி அதுதான்.