வெயிலை நம்பிய வேதியியலார்

சாமிச்சான் என்ற பெயரைக் கேட்டால் பக்கத்து ஊர்க்காரர் என்றே தோன்றும். ஆனால் ஜியாக்கோமோ சாமிச்சான் 1857-இல், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த திரியெஸ்தே நகரில், ஆர்மீனிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் பயின்று, 1880-இல் கீசெனில் டாக்டர் பட்டம் பெற்றார். ரோமில் கன்னிசாரோவிடம் உதவியாளராக இருந்தபின், 1889 முதல் இத்தாலியின் போலோக்னா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிர்ரோல் ஆய்வுகளே அவருக்குப் புகழ் தந்திருந்தன. அதோடு அவர் நின்றிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

1900-ஐ ஒட்டி, பால் சில்பர் என்னும் ஜெர்மானியத் துணைவருடன் ஒளி வேதியியலில் முழுமூச்சாக இறங்கினார். நம் வீட்டு மாடியில் வடகம் காய வைப்பதுபோல், ஆய்வுக்கூடத்தின் மேல்மாடத்தில் கண்ணாடிக் குடுவைகளை வரிசை வரிசையாக வெயிலில் வைத்தார்கள். 1901-இல் ஆர்த்தோ நைட்ரோபென்சால்டிஹைடு வெயில் பட்டு ஆர்த்தோ நைட்ரோசோபென்சாயிக் அமிலமாக மாறியதை வெளியிட்டார்கள். இதில் வியப்பு என்னவென்றால், பென்சீன் வளையம் சிதையவில்லை. ஒளியை உறிஞ்சிய நைட்ரோ தொகுதி பக்கத்து ஆல்டிஹைடின் ஹைட்ரஜனைப் பறிக்க, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்து, ஓர் ஆக்சிஜன் இடம் பெயர்கிறது. அடுப்பில் ஏற்றினால் எல்லா மூலக்கூறுகளும் ஆட்டம் காணும். ஒளியோ, தன்னை உறிஞ்சும் மூலக்கூறிடம் மட்டுமே வேலை செய்யும். 320 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 374 கிலோஜூல். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கோ சராசரியாக 347 போதும்.

சாயச் சேலையை நிழலில் உலர்த்தச் சொல்வார் என் அம்மா. பள்ளி வாசலை மிதியாதவர். சாயங்களில் பெரும்பாலானவை அரோமாட்டிக் சேர்மங்கள் என்று இரண்டாம் ஆண்டில் படித்தபோதுதான் அதன் காரணம் எனக்கு விளங்கிற்று.

1912-இல் நியூயார்க் மாநாட்டில் சாமிச்சான் பேசினார். நிலக்கரி ஒருநாள் தீரும், வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்களுக்குள் சூரிய ஒளியே தொழில் நடத்தும், புகைபோக்கி தேவைப்படாது என்பது அவர் கண்ட கனவு. நிலக்கரியை நம்பியே உலகம் ஓடிய காலம் அது! நோபல் பரிசுக்கு ஒன்பது முறை முன்மொழியப்பட்டும் பரிசு வரவில்லை. எனக்கு அதைவிட வருத்தம் தருவது, முதல் உலகப்போர் சில்பரை அவரிடமிருந்து பிரித்ததுதான். குடுவைகள் மாடியை விட்டு இறங்கின. 1922 ஜனவரி 2-இல் போலோக்னாவில் சாமிச்சான் மறைந்தார்.

ஆர்த்தோ நைட்ரோபென்சைல் தொகுதியை இன்று ஒரு பூட்டுப்போல் மூலக்கூறுகளில் பொருத்துகிறார்கள். 365 நானோமீட்டர் ஒளி பட்டால் அது கழன்றுவிடும். டி.என்.ஏ. சில்லுகளை உருவாக்கவும் இவ்வகைப் பூட்டுகள் பயன்பட்டிருக்கின்றன. அந்த 1901-ஆம் ஆண்டு வினையில் நடந்த அதே ஹைட்ரஜன் பறிப்புதான் இதற்கும் சாவி.