செடிகளின் தாயகம் தேடிய ஜானகி அம்மாள்

நுழையும் முன்

தை பிறக்கும் நாள் நெருங்கினால் பெங்களூரு கிருஷ்ணராஜ சந்தையில் கரும்புக் கட்டுகள் மலைபோல் குவிகின்றன. நம் வீட்டுப் பொங்கலுக்கும் அண்டை வீட்டாரின் சங்கராந்திக்கும் அக்கரும்பே வேண்டும். அதன் தாயகம் எது? அதன் உறவுச் செடிகள் எவை? இத்தகைய வினாக்களுக்குச் செடிகளின் உயிரணுக்களிலேயே விடை தேடிய அறிஞரின் வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

பிறப்பும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலசேரியில் பிறந்தார். அக்காலப் பெண்களுக்குத் திருமணமே வாழ்வின் எல்லையாகக் கருதப்பட்டது. ஜானகியோ கல்வியைத் தேர்ந்தெடுத்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931ஆம் ஆண்டு தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

கரும்பு ஆய்வு

1934ஆம் ஆண்டு கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். தடித்த கரும்பின் தாயகம் நியூகினித் தீவு. அஃது இனிப்பு மிக்கது. ஆயினும் நோயை எளிதில் தாங்காது. நம் நாட்டுக் காட்டுக் கரும்பு இனிப்புக் குறைந்தது. ஆயினும் வலிமை மிக்கது. இவ்விரண்டையும் கலந்து புதிய வகைகளை உருவாக்கும் பணி அங்கு முன்பே நடைபெற்று வந்தது. அக்கலப்பினங்களின் உயிரணுக்களில் நிகழ்வது யாது என ஜானகி நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த ஆய்வை 1938ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

சர் சி. வி. இராமன் 1934ஆம் ஆண்டு பெங்களூருவில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, மறு ஆண்டே ஜானகியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. பெண் ஆய்வாளர்கள் மிக அரியராக இருந்த காலத்தில் கிடைத்த சிறப்பு இது.

உலகிற்குப் பயன்பட்ட நூல்

ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் எனப்படும் நுண்ணிழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்ப்பவை அவையே. இரு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கை பொருந்தாவிடில், அவற்றின் கலப்பினம் பெரும்பாலும் விதை தராது. எனவே, புதிய பயிர் உருவாக்குவோர்க்கு இவ்வெண்ணிக்கை இன்றியமையாதது. ஆனால் அவ்விவரங்கள் பல மொழி இதழ்களில் சிதறிக் கிடந்தன.

இலண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றிய ஜானகி, சி. டி. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து அவற்றைத் திரட்டினார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. நகரின்மீது குண்டுகள் விழுந்தன. ஆயினும் பணி நிற்கவில்லை. 1945ஆம் ஆண்டு 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' வெளிவந்தது. ஆயிரக்கணக்கான செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கை ஒரே நூலில் கிடைத்தது. எச்செடி எதற்கு உறவு, எது எங்கிருந்து எங்குச் சென்றது என ஆராய்வோர்க்கு அந்நூல் வழிகாட்டியாயிற்று.

தாயகம் திரும்புதல்

1951ஆம் ஆண்டு பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி நாடு திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது அவருக்கு வயது எண்பதை ஒட்டியிருந்தது. காடு நீரில் மூழ்கினால், அங்குள்ள செடிகளை எண்ணி அறியும் முன்னரே இழந்துவிடுவோம் என அவர் அஞ்சினார். ஆகவே, காட்டைக் காக்க வேண்டும் என்றோருடன் சேர்ந்து குரல் கொடுத்தார். அப்பள்ளத்தாக்கின் செடிகளையும் ஆராய முற்பட்டார்.

சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வகத்தில் இறுதிவரை பணிபுரிந்த ஜானகி, 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். அணைத்திட்டம் கைவிடப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. அவர் எண்ணிக் காக்க விரும்பிய செடிகள் இன்றும் அங்குத் தழைத்து நிற்கின்றன.

அருஞ்சொற்பொருள்

தாயகம் – பிறந்த நாடு
கலப்பினம் – இருவகை உயிர்கள் கலந்து பிறந்த இனம்
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது

வினாக்கள்

1. தடித்த கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்ததன் காரணம் யாது?
2. குரோமோசோம் எண்ணிக்கையை அறிவதால் விளையும் பயன் யாது?
3. உங்கள் குடும்பத்தார் சொந்த ஊரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து வளர்க்கும் செடி ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.