கோ. நா. இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர். எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றின் அடிப்படைப் புரதமான கொலாஜனுக்கு முச்சுருள் அமைப்பை முதலில் முன்வைத்தவர் இவரே. எலும்பை மீண்டும் வளரச் செய்யும் இன்றைய மருத்துவத்தில் கொலாஜன் முக்கியமான உயிரிப்பொருளாக விளங்குகிறது.

இளமையும் கல்வியும்

எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டையின் அருகே, தெப்பக்குளத்தை அடுத்துள்ள புனித வளனார் கல்லூரியில் பயின்று 1942இல் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் துறையில் சேர்ந்த இவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். இராமன் பிறந்த ஊரும் திருச்சிராப்பள்ளியே. பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

கொலாஜன் ஆய்வு

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். அங்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை எனச் சுட்டிக்காட்டினார். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதனை எக்ஸ் கதிர் கொண்டு ஆய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954இல் நேச்சர் இதழில் முதல் வடிவத்தை வெளியிட்டார். மூன்று புரதச் சங்கிலிகள் கயிறு போல ஒன்றையொன்று சுற்றியிருக்கும் வடிவம் 1955இல் வெளியாயிற்று. சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமைவதாலேயே இவ்வளவு நெருக்கமான முறுக்கு இயலுகிறது.

அதே ஆண்டில் ரிச், கிரிக் ஆகியோர் இவ்வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மறுத்தனர். மும்மை ஒன்றுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற இவரது கருத்தை விட, ஒன்று என்ற அவர்களது கருத்தே பின்னாளில் நிலைபெற்றது. ஆயினும் முச்சுருள் என்னும் அடிப்படை இவருடையது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அவ்வினாவை விடாது தொடர்ந்ததன் பயனே, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம். புரத அமைப்புகளைச் சரிபார்க்க அது இன்றும் பயன்படுகிறது.

எலும்பு மீளாக்கத்தில் கொலாஜன்

எலும்பின் கரிமப் பகுதியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலாஜன். கால்சியம் பாசுபேட்டுப் படிகங்கள் அதன் மீது படிந்தே எலும்பு உறுதி பெறுகிறது. கனிமம் நீக்கிய எலும்புத்தூளைத் தசையில் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாவதை 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் அமெரிக்காவில் காட்டினார். இதற்குக் காரணமான வளர்ச்சிப் புரதங்கள் பின்னர் பிரித்தெடுக்கப்பட்டன. இப்புரதத்தை மட்டும் செலுத்தினால் அது விரைவில் பரவி மறைந்துவிடும். எனவே கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து உரிய இடத்தில் பொருத்துகின்றனர். பஞ்சு மெல்லக் கரைய, உடலின் உயிரணுக்கள் அவ்விடத்தில் எலும்பை அமைக்கின்றன. முதுகெலும்பு இணைப்புக்கு இம்முறையை அமெரிக்கா 2002இல் ஏற்றது. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதால் 2008இல் எச்சரிக்கையும் விடுத்தது. இராமச்சந்திரன் இச்சிகிச்சை முறையில் ஈடுபட்டவர் அல்லர். அதற்கு இடமளிக்கும் பொருளின் அமைப்பை விளக்கியவர்.

பிற்காலம்

1971இல் லட்சுமிநாராயணனுடன் இணைந்து, எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்டெடுக்கும் கணக்கீட்டு முறையை வெளியிட்டார். பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். நோபல் பரிசு மட்டும் கிட்டவில்லை. மனைவி இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். பார்க்கின்சன் நோயால் நலிவுற்றிருந்த நிலையில், 1999இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. சென்னையில் காலமானார்.