தட்டில் ஏது சாதி?

பள்ளிபாளையத்தைத் தழுவி ஓடும் காவிரி, கீழே கொடுமுடியையும் தொட்டுச் செல்கிறது. அந்தக் கொடுமுடியிலே 1908-இல் பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். பொன் இல்லை, பொருள் இல்லை, குரல் இருந்தது! ரயிலிலே பாடிக் கையேந்திய சிறுமியை நாடக மேடை அழைத்துக் கொண்டது. கடல் கடந்து இலங்கை வரை அந்தக் குரல் ஒலித்தது.

1926-இல் அங்கேதான் செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்தார். அவரோ அக்கிரகாரத்து இளைஞர்; இவரோ ஆற்றங்கரை ஏழைப் பெண். மேடை இணைத்தது, 1927-இல் மணம் பிணைத்தது. இருவர் குரலும் இசைத்தட்டாகி ஊரெங்கும் பரவின.

தோழர்களே! கோயில் வாசலில் தடை, குளத்தங்கரையில் தடை என்றிருந்த காலம் அது. ஆனால் கிராமபோன் பாடினால், தெருவில் நின்றவன் காதை யாரால் மூட முடிந்தது? ஊசி ஓடிய கோட்டிலே மேல்சாதி ஏது, கீழ்சாதி ஏது?

1933-இல் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளாடை பூண்டார், வாழ்நாள் முழுதும் அதைக் களையவில்லை. ஆனால் குரல் ஓயவில்லை. 1935-இல் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று, தீண்டாமைக்கு ஆளான நந்தனாராகவே திரையில் தோன்றினார். 1953-இல் அவ்வையார். 1964-இல் கலைஞர் தீட்டிய 'பூம்புகார்' படத்திலே கவுந்தியடிகள். அவர் நின்ற முகாம் வேறு, நாம் நிற்கும் முகாம் வேறு. எனினும் அந்தத் தமிழ்க் குரல் நமது குரலே! 1980-இல் அது அடங்கியது.

அடங்கியதா? கிட்டப்பா பேசும்படம் எதிலும் நடித்தவரல்ல. அவர் குரலை நாம் இன்று கேட்கிறோமென்றால் அது இசைத்தட்டு தந்த கொடை. அந்தத் தட்டோ வெறும் அரக்கு. பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு. தவறி விழுந்தால் தூள். இரும்பு ஊசி ஓட ஓடத் தேய்மானம்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே கறுப்பரும் வெள்ளையரும் கூடி இசைத்த 'ஸ்டாக்ஸ்' இசைத்தட்டு நிலையம் 1975-இல் நொடித்தது. 1989-இல் கட்டடத்தையே இடித்தனர். பின்னர் இழப்பை உணர்ந்து, 2003-இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் எழுப்பினர். இடித்துவிட்டு எழுப்பும் நிலை நமக்கு வேண்டுமா?

தறி ஓட்டும் தோழர்களே! ஆலைத் தொழிலாளத் தோழர்களே! பாட்டன் வீட்டுப் பரணிலே பழைய தட்டு கிடந்தால் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்! சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய நூல்களோடு பழைய இசைத்தட்டுகளையும் அது காத்து வருகிறது. அங்கே சேர்ப்பீர்! கொடுமுடியிலும் ஒரு கூடம் எழ வேண்டுமென்று அரசிடம் கேட்போம். கையேந்திப் பாடிய சிறுமியின் குரலைக் காக்க, நாம் உரிமையோடு குரல் கொடுப்போம்!